சைக்கிளை விட்டு யார் இறங்குவது?

சைக்கிள் நல்லது. உடம்புக்கு நல்லது, பூமிக்கு நல்லது. புகை இல்லை, சத்தம் இல்லை. வயலும் காடும் பறவையும் மானும் இருக்கிற இடமாகப் பார்த்து ஒரு பாதை போட்டு, 'வாங்க, மிதிங்க, இயற்கையோட கலந்துடுங்க' என்று கூப்பிடுகிற கலாச்சாரம் நகரத்துப் படித்த வர்க்கத்திடம் நன்றாக வளர்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் தலைக்கவசம், கையுறை, முட்டிவரைக்கும் ஒட்டின கால்சட்டை. பால்காரரும் கொத்தனாரும் மிதித்தபோது சைக்கிள் ஏழையின் வண்டி. அவர்கள் கடனை உடனை வாங்கி டி.வி.எஸ்.ஸுக்கு மாறிய பிறகு, காரை நிறுத்திவிட்டு இவர்கள் சைக்கிளுக்கு வந்திருக்கிறார்கள். அதே இரண்டு சக்கரம்தான். அன்றைக்கு அது வறுமை. இன்றைக்கு அதன் பெயர் வாழ்க்கைமுறை.

எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை. நானும் மிதிக்கிறவன்தான். என் கேள்வி வேறு. அந்தப் பாதை யார் போட்டது? போடுவதற்கு முன்னால் அங்கே யார் இருந்தார்கள்? இப்போது அதில் ஏறிப் போகிறவன் யார், இறங்க வேண்டியவன் யார்? 'இயற்கை' என்பது அப்பாவியான சொல் அல்ல தோழர்களே. 'பொது' என்பதைப் போலவே, 'கிராமம்' என்பதைப் போலவே, அதற்குள்ளும் ஒரு வேலி இருக்கிறது. வேலிக்கு உள்ளே நிற்கிறவனுக்கு அது தெரிவதில்லை.

பொதுவாகப் பேசினால் கவிதையாகப் போய்விடும். ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு பேசலாம்.

ராஜஸ்தானில் பரத்பூர். அங்கே கேவலாதேவ் தேசியப் பூங்கா. வங்கியில் எங்களுக்குக் கிடைக்கிற எல்.எஃப்.சி.யை வைத்துக்கொண்டு போய்வந்தேன். 'லீவு போட்டு கொக்கு பார்க்கப் போறியா' என்று கிளையில் சிரித்தார்கள். வாசலிலேயே வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கிறது. சோதனைச் சாவடி தாண்டினால் கார் கிடையாது. சைக்கிள், சைக்கிள் ரிக்‌ஷா, இல்லாவிட்டால் நடை. நேராக ஒரு ரோடு. இருபுறமும் வேலமரம். மரத்துக்கு அந்தப் பக்கம் தண்ணீர். ரோட்டிலிருந்து பிரிந்து கரைகளின் மேல் மண்பாதைகள். பட்டமரத்தில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு பாம்புத்தாரா. தண்ணீருக்குள் முழங்கால் அளவு நிற்கிற கடமான். புதரிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிற நரி. மாலை வெயிலில் ஜோடியாக நிற்கிற சாரஸ் கொக்கு, ஆள் உயரம். பொய் சொல்ல மாட்டேன். அழகு. நெஞ்சு நிறைந்த அழகு.

பூங்காவைச் சுற்றிச் சுவர். சுவருக்கு வெளியே கோதுமை வயல், கடுகு வயல், கிராமங்கள், ஒரு பக்கம் பரத்பூர் நகரம். நீலான்கள் வெளியே போய் வயலில் மேய்ந்துவிட்டு வருவதும் உண்டு. மாடு உள்ளே வந்தால் அத்துமீறல். மான் வெளியே போனால் அது இயற்கை.

இந்த இடத்தின் வரலாறு எந்தக் கடவுள் படைத்ததும் அல்ல. ஒட்டுமொத்தமாக 29 சதுர கிலோமீட்டர் பள்ளம். பதினெட்டாம் நூற்றாண்டில் சூரஜ்மல் ராஜா காலத்தில் அஜான் என்கிற அணை கட்டப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பரத்பூர் அரச குடும்பம் கரைகள் எழுப்பி, மதகு வைத்து, தண்ணீரைத் தேக்கி, வாத்து வேட்டைக்காக இந்த ஏரிகளை உண்டாக்கியது. நாம் சைக்கிள் மிதிக்கிற அந்தக் கரைகள், துரைகளும் ராஜாக்களும் துப்பாக்கியோடு நிற்பதற்காகக் கட்டிய ஏற்பாட்டின் பகுதி. மகாராஜா மண் சுமக்கவில்லை. சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

கல்லில் வேறொன்று இருக்கிறது. கேவலாதேவ் கோயில் பக்கத்தில் சிவப்புக் கல்லில் பட்டியல் வெட்டிவைத்திருக்கிறார்கள். எந்தத் தேதியில், யார் வந்தபோது, எத்தனை துப்பாக்கி, எத்தனை பறவை. 1902இல் கர்சன் பிரபு வந்து முதல் பெரிய வேட்டையைத் தொடங்கிவைத்ததிலிருந்து ஆரம்பம். 1938 நவம்பர் 12, வைஸ்ராய் லின்லித்கோ வந்த நாள், ஒரே நாளில் 4,273 பறவைகள். நாலாயிரத்து இருநூற்று எழுபத்து மூன்று.

எண்ணுவது என் தொழில். சாயங்காலம் ஒரு ரூபாய் குறைந்தால் கவுண்டரை மூட முடியாது. எனவே அந்த 3 என்னை நிறுத்திவைத்தது. நாலாயிரத்துச் சொச்சம் என்று விடவில்லை. கடைசி மூன்று பறவைவரைக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

இப்போது இன்னொரு கணக்குக்கு வருகிறேன். 1956இல் இது பறவைகள் சரணாலயம். 1972வரைக்கும் அரச குடும்பத்துக்கு வேட்டை உரிமை இருந்தது. இத்தனை காலமும் சுற்றுக் கிராமத்து மாடும் எருமையும் உள்ளே மேய்ந்தன. பெண்கள் புல் அறுத்தார்கள், சுள்ளி பொறுக்கினார்கள். 1982இல் தேசியப் பூங்கா ஆனது. மேய்ச்சலுக்குத் தடை. சுட்டுத் தள்ளினவர்கள் பல வருசம் உரிமையோடு சுட்டார்கள். மேய்த்தவனுக்கு மட்டும் திடீரென்று 'நீ இயற்கையின் எதிரி' என்று உத்தரவு. 1982 நவம்பரில் கிராமத்து ஜனங்கள் எதிர்த்துக் கிளம்பியபோது போலீஸ் சுட்டது. செத்தார்கள்.

எத்தனை பேர்? ஒரு புத்தகம் ஒரு எண் சொல்கிறது, இன்னொன்று வேறு எண் சொல்கிறது. அதே மண். வாத்துக்குக் கல்வெட்டு உண்டு, கடைசி இலக்கம்வரைக்கும். மனுசனுக்குச் 'சில பேர்'. அதிகாரம் எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியாது.

*

தடைக்குப் பிறகு என்ன நடந்தது என்பதைக் கல்லூரியில் சுற்றுச்சூழல் படிக்கிற தம்பி தங்கைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்து ஆய்வாளர்கள் 1980 முதல் 1990வரை அங்கேயே இருந்து ஆராய்ச்சி செய்தார்கள். எருமை போனதும் நீர்ப்புல் தறிகெட்டு வளர்ந்தது. தண்ணீர்ப் பரப்பை மூடியது. வாத்துகளுக்கு நீந்த இடமில்லை, மீனுக்கு வழியில்லை. பறவைகள் குறைந்தன. அந்தச் சதுப்பு நிலத்துக்கு எருமையின் வாய் தேவைப்படுகிறது என்று அறிவியலே சொன்னது. ஆட்களைச் சுட்டு விரட்டிய பிறகு, புல் அறுக்க அதே ஆட்களைக் கூப்பிட வேண்டி வந்தது. பிற்பாடு நம் ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலம் அங்கேயும் பரவி, அதைப் பிடுங்கவும் கிராமத்து ஆட்களைத்தான் உள்ளே விட்டார்கள். பிடுங்கின விறகை அவர்களே எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. விரட்டும்போது எதிரி. வேலை இருக்கும்போது பங்குதாரர். சேரிக்காரனுக்கு இது புதுக்கதையா? செத்த மாட்டைத் தூக்க மட்டும் ஊருக்குள் கூப்பிட்ட கதைதானே.

சைபீரியாவிலிருந்து வந்துகொண்டிருந்த வெள்ளைக் கொக்குகள் 2002க்குப் பிறகு அங்கே வரவில்லை. அதற்குக் காரணம் பல, வருகிற வழியெல்லாம் நடந்த வேட்டையும் சேர்த்து. எருமைமேல் பழி போட முடியாது என்பது மட்டும் நிச்சயம். எருமை மேய்ந்த காலத்தில் அவை வந்தன.

ஆக, மனுசனை வெளியேற்றினால் இடம் சுத்தமாகிவிடும் என்கிற எண்ணம் அறிவியல் அல்ல. அது வேறெங்கிருந்தோ வருகிறது. எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும். குளத்தில் இவன் கால் பட்டால் தீட்டு, கிணற்றில் இவள் குடம் பட்டால் தீட்டு, கோயிலுக்குள் இவன் நிழல் விழுந்தால் தீட்டு. அதே புனித-தீட்டு மூளைதான் காட்டுக்கும் கோடு போடுகிறது. ராஜாவின் துப்பாக்கி தீட்டு ஆகவில்லை. துரையின் பூட்ஸ் தீட்டு ஆகவில்லை. மேய்க்கிறவனின் கால் தீட்டு.

ஆனால் இங்கே நின்றுவிட்டால் நாம் பாதிதான் பேசியவர்கள் ஆவோம். 'பாவம் கிராமத்து மக்கள், அவர்களிடமே காட்டை ஒப்படையுங்கள்' என்று சொல்லி முடிக்கிற நல்ல மனசுக்காரக் கட்டுரைகள் ஏராளம். நான் அப்படி முடிக்க முடியாது. கிராமம் என்றால் யார்?

பரத்பூர் என்றதும் ஊர் உலகத்துக்குப் பறவை ஞாபகம் வருகிறது. எனக்குக் கும்ஹேர். பூங்காவிலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டரில், அன்றைக்கு அதே பரத்பூர் மாவட்டத்தில். சைக்கிளில் ஒன்றரை மணி நேரம். அங்கே ஒரு சினிமாக் கொட்டகையில் ஜாதவ் இளைஞர்களுக்கும் ஆதிக்க சாதியினருக்கும் ஆரம்பித்த தகராறு, 1992 ஜூன் 6ஆம் தேதி 16 ஜாதவ்களின் உயிரைக் குடித்தது. சினிமா பார்க்கப் போனதுதான் குற்றம். தீர்ப்பு எப்போது? 2023 செப்டம்பரில். 31 வருசம். 9 பேருக்கு ஆயுள் தண்டனை, 41 பேர் விடுதலை.

1982இல் போலீஸ் சுட்டதும் 1992இல் ஆதிக்க சாதி கொன்றதும் ஒரே மாவட்டத்தில். முதலாவதில் 'கிராமம்' பாதிக்கப்பட்டது. இரண்டாவதில் அதே 'கிராமம்' கொன்றது. எருமை பத்து வைத்திருந்தவனுக்குச் சொந்த நிலம் இருந்தது. பூங்கா மூடினாலும் தன் வயலில் தீவனம் போட்டுக்கொள்வான். கையகல நிலமில்லாமல் ஒற்றை எருமை வைத்திருந்த வீட்டுக்குப் பொதுப்புல்தான் மேய்ச்சல் நிலம். சுவர் எழும்பியதும் அவளுக்கு எல்லாம் போச்சு. அடுத்தவன் வயல் வரப்பில் புல் அறுக்கக் கெஞ்ச வேண்டும். கெஞ்சினால் என்னென்ன கேட்பான் என்று நம் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே சுவர் எல்லார்மேலும் சமமாக விழவில்லை. அது சாதிப்படி விழுந்தது.

அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைக் கொண்டாடியவர்களை வெளிப்படையாகவே கண்டித்தார் என்பதைப் பசுமைத் தோழர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். காட்டைக் காக்கக் கமிட்டி போடுகிறாயா, போடு. அந்தக் கமிட்டியில் சேரியிலிருந்து யார்? உட்கார நாற்காலி உண்டா, நிற்க வேண்டுமா? விறகு பங்கு வைக்கும்போது யாருக்கு அடிமரம், யாருக்குச் சுள்ளி? அதைச் சொல்லாமல் 'சமூகப் பங்கேற்பு' என்று பேசாதே.

*

சைக்கிளுக்குத் திரும்புகிறேன்.

என் அப்பா சேரியிலிருந்து பள்ளிக்கூடத்து மெயின்ரோட்டுக்கு ஊர்த்தெரு வழியாகத்தான் போக வேண்டும். தெரு முனை வந்ததும் சைக்கிளிலிருந்து இறங்கிவிடுவார். தெரு முடிகிறவரைக்கும் உருட்டிக்கொண்டே நடப்பார். முன்பாரில் நான் உட்கார்ந்திருந்தால் என்னையும் இறக்கி நடக்கவிடுவார். 'செயின் கழண்டுகிச்சுடா' என்று ஒருநாள் சொன்னார். 'காத்து இல்ல' என்று ஒருநாள். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பையன், என் வயசுதான் இருக்கும், அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு 'டேய், எங்கடா போற' என்று கேட்டான். அப்பா 'டவுனுக்குங்க சாமி' என்றார். இதில் ரகசியம் எதுவுமில்லை. தமிழ்நாட்டில் ஆயிரம் சேரிகளில் ஆயிரம் அப்பாக்கள் இதைச் செய்தார்கள். இன்றும் சில இடத்தில் செய்கிறார்கள்.

நம்ப முடியாவிட்டால் சட்டப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். 1989ஆம் வருசத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தினார்கள்; 2016 ஜனவரி 26இல் அமலுக்கு வந்தது. அதில் புதிதாகச் சேர்த்த குற்றங்களின் பட்டியலில், தலித்துகளும் பழங்குடியினரும் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது, செருப்பு போடுவதை, புதுத்துணி உடுத்துவதைத் தடுப்பது, கல்யாண ஊர்வலத்தில் குதிரை ஏறுவதைத் தடுப்பது எல்லாம் வருகின்றன. சந்திரனுக்கு விண்கலம் அனுப்பிய பிறகும் இந்த நாட்டின் பாராளுமன்றம் 'சைக்கிள்' என்கிற சொல்லைச் சட்டத்துக்குள் எழுத வேண்டி வந்திருக்கிறது. பரத்பூர் இருக்கிற அதே ராஜஸ்தானில் தலித் மாப்பிள்ளை குதிரை ஏறப் போலீஸ் பாதுகாப்பு கேட்க வேண்டியிருக்கிறது. அங்கே சுற்றுலாப் பயணிக்குச் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது.

பாதை என்பது எப்போதும் நமக்கு அரசியல்தான். 1893இல் அய்யங்காளி வில்லுவண்டி பூட்டிக்கொண்டு திருவிதாங்கூரின் தடுக்கப்பட்ட சாலையில் இறங்கியது உல்லாசச் சவாரிக்கு அல்ல. 1924இல் வைக்கம் போராட்டம் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது, கல்குவாரியில் உடைக்கிற பெண்களும் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் ஏறி மிதித்தார்கள். ஊர் கேலி பேசியது. அவர்கள் இறங்கவில்லை. தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு, பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு, புருசனுக்காகவும் பஸ்ஸுக்காகவும் காத்திருக்காமல் போனார்கள். வயலும் பொட்டலும் கடந்து போன அந்த மண்ரோடுகளும் கிராமத்துச் சைக்கிள் பாதைதான். அதை யாரும் சுற்றுலாக் கையேட்டில் போடவில்லை.

எனவே ஒரு பாதையை அளக்க என்னிடம் ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டு. எத்தனை கிலோமீட்டர், எத்தனை வகைப் பறவை என்பதெல்லாம் அப்புறம். இந்தப் பாதையில் யார் இறங்க வேண்டியிருக்கிறது?

நம் பக்கமும் இது வந்துகொண்டிருக்கிறது. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடு முழுவதிலும் மாடு மேய்க்கத் தடை விதித்தது. பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று சுருக்கிக்கொண்டது. பரத்பூரின் பாடம் நீதிமன்றத்துக்கு எட்டியதாகத் தெரியவில்லை. இன்னொரு பக்கம் 'சூழல் சுற்றுலா' என்று காட்டு ஓரங்களில் விடுதி, மலையேற்றம், சைக்கிள் சவாரி. மேய்க்கிறவனின் தடத்தை மூடிவிட்டு அதே தடத்தில் மிதிக்கிறவனை விடுவது. 2006 வன உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதில் மேய்ச்சல் உரிமை இருக்கிறது, கிராமசபையின் ஒப்புதல் இருக்கிறது. ஆனால் பழங்குடி அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13க்கு முன்னால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருசம், அங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். பட்டா இல்லாத, ஓட்டு வீடு இல்லாத, பாட்டன் பெயர்கூட எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாத தலித் குடும்பம் எந்தக் காகிதத்தைக் காட்டும்? வங்கியில் தினமும் நான் பார்க்கிற காட்சி இது. மனுசன் முன்னால் நிற்பான். அவன் இருக்கிறான் என்பதற்கு அத்தாட்சி இல்லை என்று திருப்பி அனுப்புவோம்.

பறவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாம்புத்தாரா இறக்கை காயவைப்பதைப் பார்க்கச் சேரிப் பிள்ளைக்கும் உரிமை உண்டு. அழகு அவர்கள் சொத்து, பசி நம் சொத்து என்று எவன் பிரித்தான்? அந்தப் பிள்ளை சுள்ளி பொறுக்கவும் கமிட்டிக்கு மண் சுமக்கவும் மட்டும் உள்ளே வர மாட்டாள். கண்ணாடி மாட்டிக்கொண்டு பறவை பார்க்கவும் வருவாள், பெயர் வைக்கவும் வருவாள். அங்கே ரிக்‌ஷா மிதிக்கிறவர்கள் எந்தப் புத்தகமும் படிக்காமல் ஒவ்வொரு பறவையின் பெயரையும் மூன்று பாஷையில் சொல்கிறார்கள். அந்த அறிவுக்குக் கூலி உண்டு, பட்டம் இல்லை.

ஆகவே செயல்படுகிற தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் மாவட்டத்தில் காட்டு வழியோ ஏரிக்கரையோ சைக்கிள் பாதை ஆகப்போகிறது என்று கேள்விப்பட்டால், கொடி அசைக்கிற விழாவுக்கு முன்னால் போய்க் கேளுங்கள். இந்தத் தடத்தை இதுவரை பயன்படுத்தியவர்கள் யார், அவர்களின் மாடும் விறகும் இனி எங்கே? கிராமசபை கூடியதா, சேரிப் பெண்கள் அதில் பேசினார்களா, கையெழுத்து மட்டும் வாங்கினார்களா? வாடகைச் சைக்கிள், டீக்கடை, வழிகாட்டி வேலை, இதில் நிலமில்லாதவர்களுக்கு எத்தனை பங்கு? காட்டுக்குப் போகிற பாதை ஊர்த்தெரு வழியாகப் போகிறதென்றால், அந்தத் தெருவில் நம் பிள்ளை இறங்காமல் மிதித்துப் போக முடியுமா? முடியாதென்றால் முதலில் அந்தத் தெருவைத் திற. புலி இருக்கிற காட்டைப் பிறகு திறக்கலாம்.

பதில் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்ன பதிலை எந்தக் கவுண்டரிலும் ஏற்க மாட்டார்கள்.